மன்னர் வேண்டாம், சரி. அப்புறம்?

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் புதுக்கோட்டைப் பக்கம் கோனாபட்டில் பிறந்தவள். மெல்போர்ன் வந்து ஆஸ்திரேலியக் குடியுரிமையும் வாங்கியாகிவிட்டது. 'இந்த நாட்டுக்கு சார்லஸ் மன்னர் எதற்கு, குடியரசாகிவிடலாமே' என்று ஆபீசில் அடிக்கடி பேச்சு வரும். மன்னர் எதிலும் தலையிடுவதில்லை, கட்சிச் சண்டையிலும் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டுமே என்பது என் எண்ணம். எங்கள் அப்பத்தா புதுக்கோட்டை மகாராஜாவைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வ., மெல்போர்ன்

அன்புள்ள வ.,

உங்கள் அப்பத்தா சொன்ன மகாராஜா ராஜகோபாலத் தொண்டைமானைப் பற்றி எங்கள் பக்கத்திலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். ஆனால் அவர் எப்படிப் பட்டத்துக்கு வந்தார் என்று பாருங்கள். அவருக்கு முந்தைய மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், 1915இல் உங்கள் மெல்போர்ன்காரப் பெண் மாலி ஃபிங்க்கைக் கல்யாணம் செய்துகொண்டார். (ஆக, இரண்டு ஊருக்கும் சம்பந்தம் பழையதுதான்.) வெள்ளைக்கார அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை, பிறந்த மகனுக்கும் பட்டம் இல்லை என்றது. மன்னர் நாட்டை விட்டே போய், 1928இல் வெளிநாட்டிலேயே காலமானார். ஆறு வயதுப் பையனாக இருந்த ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் பட்டம் கட்டினார்கள். கோனாபட்டில் ஒருவரையும் கேட்கவில்லை.

ஆள் நல்லவரா என்பது வேறு. நாற்காலியில் உட்கார வைப்பது யார், இறக்குவது யார் என்பது வேறு. இரண்டாவது கேள்விக்காகவே நான் குடியரசுப் பக்கம். பரம்பரையிலும் முறை வைக்கலாம் என்பது உண்மைதான். நம்மவர்கள் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்யப் போன மலேசியாவில் ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் கூடி, ஐந்தாண்டுக்கு ஒருவரை மாமன்னராக்குகிறார்கள். ஆனாலும் அது ஒன்பது வீட்டுக்குள்ளேயே சுற்றுகிற முறை.

உங்கள் நாட்டு விஷயத்துக்கு வருகிறேன். தலையிடாத மன்னர் என்கிறீர்கள். 1975 நவம்பரில், தேர்தலில் ஜெயித்து வந்த பிரதமர் விட்லமை, அரசியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஜான் கெர் பதவி நீக்கி வீட்டுக்கு அனுப்பினார். அப்போதைய அரசி எலிசபெத்திடம் முறையிட்டார்கள், இது கவர்னர் ஜெனரல் பொறுப்பு என்று அரண்மனை ஒதுங்கிக்கொண்டது. வேண்டிய நேரத்திலும் தலையிடாதவர் எதற்கு என்று நான் கேட்பேன்.

அதற்காக, ஆஸ்திரேலியா குடியரசாகலாமா என்று கேட்ட 1999 வாக்கெடுப்பில் 'வேண்டாம்' என்று போட்ட சுமார் 55 சதவீதம் பேரும் ராஜ விசுவாசிகள் என்று நினைத்துவிடாதீர்கள். குடியரசு வேண்டும் என்றவர்களில் ஒரு பகுதியே எதிராகப் போட்டது. அதிபரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் என்று இருந்தது, அவர்கள் கேட்டது நேரடித் தேர்தல்.

எனக்கு உறுத்துவது அந்த 1999 திட்டத்தில் இருந்த வேறொரு பிரிவு. பிரதமர் ஒரு கையெழுத்தில் அதிபரை நீக்கலாம். முப்பது நாளுக்குள் கீழவையின் ஒப்புதல் கேட்க வேண்டும். அங்கே பெரும்பான்மை யாருடையது? பிரதமருடையதுதான். அவை மறுத்தாலும் போனவருக்கு அதனால் பதவி திரும்பக் கிடைத்துவிடாது. இப்போதும் கவர்னர் ஜெனரலை பிரதமர் பேச்சைக் கேட்டுத்தான் மன்னர் நீக்குவார். ஆனால் இடையில் அரண்மனை என்று ஒரு வாசற்படியாவது இருக்கிறது. அதைப் பெயர்க்கப் பார்த்தவர்கள் அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. நம் குடியரசுத் தலைவரைப் பிரதமர் இப்படி அனுப்ப முடியாது. இரண்டு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

மறுபடி வாக்கெடுப்பு வந்தால், பதவி நீக்கம் பற்றிய பத்தியை முதலில் படியுங்கள். 1999இல் இருந்தது போலவே இருந்தால், இவ்வளவும் எழுதிய நானே 'வேண்டாம்' என்றுதான் போடச் சொல்வேன்.