கிளிங் ராப் பழைய பேப்பர் கடையில போகுமா? இந்த வார கேள்வி பதில்

அண்ணே, மாவுப் பாத்திரத்த மூடுற மெல்லிசு பிளாஸ்டிக் தாள், அந்த கிளிங் ராப்ப கழுவிப் போட்டா பழைய பேப்பர் கடையில எடுப்பாங்களா? (திருமங்கலத்துல இருந்து ஒரு தங்கச்சி)

எடுக்க மாட்டாங்கம்மா. அவங்களுக்கு எடைதான் காசு, ராப்ப ஒரு சாக்கு நெறைய அமுக்குனாலும் தராசு முள்ளு அசையாது, அதுல எண்ணெய் வேற ஒட்டியிருந்தா கழுவுற தண்ணிக்கே கட்டுப்படியாகாது. இன்னொண்ணு, பாக்க ஒண்ணு போல இருந்தாலும் சிலது பாலிதீன், சிலது பிவிசிங்கற வேற பிளாஸ்டிக், கலந்து உருக்குனா மொத்த லாட்டும் பாழ். நகம் அளவு வெட்டி சோப்புத் தண்ணியில காத்துக்குமிழ் போக அமுக்கி விட்டுப் பாருங்க, மேல வந்தா பாலிதீன், அடியில போய் உக்காந்தா பெரும்பாலும் பிவிசி. பால் கவர் வேற கதை, அது கனமான பாலிதீன், கழுவி காயவச்சு சேத்தா எடுத்துக்குவாங்க. வெட்டுறப்ப மூலை தனியா பிஞ்சு விழாம பாத்துக்குங்க, அந்தத் துணுக்குதான் நேரா சாக்கடைக்குப் போறது.

நம்ம மதுரையில கண்டுபிடிச்ச பிளாஸ்டிக் ரோட்டுக்கு இதக் குடுக்கலாமா சார்?

தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜ் வாசுதேவன் சார் வேலை அது, 2018ல பத்மஸ்ரீ வாங்குனாரு. ஜல்லிய 160 டிகிரி வாக்குல சூடாக்கி, பொடிசா வெட்டுன பிளாஸ்டிக்க தூவுனா உருகி ஜல்லி மேல பூச்சாப் படிஞ்சிரும், அதுக்கப்புறந்தான் தாரு. மெல்லிசு கவரெல்லாம் இதுக்குத் தோது, ஆனா பிவிசி மட்டும் ஆகவே ஆகாது, சூட்டுல ஆசிட் புகை கக்கும். அதே காரணம்தான், வீட்டு வாசல்ல கொளுத்தவும் கூடாது. மக்காத குப்பையில சுத்தமா தனியாப் போட்டுக் குடுங்க.

ராப்புக்குப் பதிலா தேன்மெழுகு பூசுன துணி வாங்கலாமாண்ணே?

பாதி வெங்காயம், வெட்டுன எலுமிச்சைக்கு நல்லாருக்கு. மெழுகு 60 டிகிரி தாண்டுனா உருகிரும், நான் சுடச்சுட இட்லிய சுத்தி வச்சு இட்லி பூரா மெழுகு வாடை, வீட்ல இன்னும் சொல்லிக் காட்றாங்க. சுடுதண்ணியில கழுவ முடியாததால பச்சைக் கறி, மீனும் வேணாம். என்னயக் கேட்டா மாவுக்கு ஒரு தட்டு போதும், புளியோதரைக்கு வாழையிலைய தணல்ல லேசா வாட்டுங்க, பச்சை நிறம் கருக்கும்போது எடுத்துட்டா துணி மாதிரி மடங்கும், கிழியாது.

அலுமினிய ஃபாயில்?

புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு மேல படவிடாதீங்க, அரிச்சு ஓட்டை விழும்.

புரோட்டா கடையில சால்னாவ இன்னும் கவர்லதான் கட்டுறாங்க, 2019லயே தடைன்னாங்களே?

ஜனவரி 1ல இருந்தே தடைதான் தம்பி, சாப்பாடு கட்டுற பிளாஸ்டிக் ஷீட்டும் அந்த லிஸ்ட்ல இருக்கு. நான் தூக்குவாளியோட போயிருவேன், கவருக்கு அளந்து ஊத்துற மாஸ்டரு வாளியப் பாத்தா ஒரு கரண்டி கூடவே விடுவாரு.