வெறுங்கையோடு திரும்பிய தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். ஒக்டோபரில் ரொறன்ரோவுக்கு வந்து, ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் மூன்று பேரோடு இருக்கிறீர்கள். நத்தாருக்கு அடுத்த நாள், 26ஆம் தேதி, பொக்சிங் டே மலிவு விற்பனைக்கு 300 டொலரைக் கையில் வைத்துக்கொண்டு ஈட்டன் சென்டர் என்ற பெரிய கடைத்தொகுதிக்குள் நான்கு மணி நேரம் சுற்றிவிட்டு ஒன்றும் வாங்காமல் வீடு வந்தீர்கள். கூட இருப்பவர்கள் தொலைக்காட்சியும் கைபேசியும் வாங்கி வந்தார்கள். அன்றிரவே அவர்கள் புது வருட இலக்குகளையும் எழுதினார்கள்: கார், வீடு, சொந்தத் தொழில். உங்கள் தாள் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. "நான் எதையாவது தவறவிட்டுவிட்டேனா அக்கா?" என்று கேட்கிறீர்கள்.

ஒன்றே ஒன்றைத்தான் தவறவிட்டீர்கள்: குளிருக்கான பூட்ஸ். ஊரிலிருந்து கொண்டுவந்த ஓட்டச் சப்பாத்தோடுதான் இன்னும் வேலைக்குப் போகிறேன் என்று இடையில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் எனக்கு நித்திரையைக் கெடுத்தது.

நான் வந்தது 2007 நவம்பரில். முதல் பொக்சிங் டே அன்று மச்சாள் என்னை விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். கடை திறக்கும் முன்பே வரிசை வீதிவரை நின்றது. நானும் நின்றேன். வங்கி தந்த முதல் கடன் அட்டையில் ஒரு பெரிய தொலைக்காட்சி வாங்கினேன். அப்போது என் அறையில் கட்டில் கூட இல்லை, நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்தேன். ஜனவரியில் கணக்கு வந்தது. கட்ட வேண்டிய மிகக் குறைந்த தொகையை மட்டும் கட்டினால் போதும் என்று நினைத்தேன். வருடத்துக்கு 19.99 வீத வட்டி என்றால் என்னவென்று யூலை மாதம் கடைசித் தவணை கட்டும்போதுதான் புரிந்தது. அதே ஜனவரியில், அழகாக இருக்கிறதென்று வாங்கிய மெல்லிய கம்பளிக் கோட்டோடு மார்க்கம் வீதியில் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் நின்று, காது மரத்துப்போய் அழுதிருக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பூட்ஸ். பெட்டியிலோ உள் துண்டிலோ எத்தனை பாகை குளிர்வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் தடித்த உறையைக் கழற்றிக் காயவைக்க முடிய வேண்டும். பஸ்ஸில் போய் வருபவருக்கு இது முக்கியம், ஈரமான உறையை மறுநாள் காலை போடுவது போன்ற துன்பம் வேறில்லை. தடித்த காலுறையை மாட்டிக்கொண்டே போட்டுப் பாருங்கள், விரல்களை அசைக்க இடம் இருக்க வேண்டும். நடைபாதையில் உப்புக் கொட்டுவார்கள். இரண்டு வாரத்தில் சப்பாத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு படியும். வினாகிரியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பழந்துணியால் துடைத்தால் போய்விடும், அப்படியே விட்டால் சப்பாத்தின் தோல் வெடித்துவிடும்.

ஜாக்கெட் இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும், தலையை மூடும் தொப்பி வேண்டும், சிப்பின் மேல் காற்றுப் புகாதபடி ஒரு மடிப்பு வேண்டும். கையுறையில் விரல் பிரியாத வகைதான் சூடு. புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. வேல்யூ வில்லேஜ் போன்ற பழைய பொருள் கடைகளில் நல்ல ஜாக்கெட் கிடைக்கும், என் பிள்ளைகள் இருவரும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

விலைக்கு வருவோம். சீட்டில் உள்ள விலை நீங்கள் கொடுக்கும் விலையல்ல. ஒன்ராறியோவில் 13 வீத வரி சேரும், 100 டொலர் ஜாக்கெட்டுக்கு 113 டொலர் போகும். மனம் மாறினால் கடை திருப்பி எடுத்தே ஆக வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை, அது அந்தந்தக் கடையின் விருப்பம். ரசீதை எறியாதீர்கள். 'இறுதி விற்பனை' என்று எழுதிய பொருளைப் போட்டுப் பார்க்காமல் தொடாதீர்கள். பொக்சிங் டேயைத் தவறவிட்டதற்குக் கவலையும் வேண்டாம். மலிவு விற்பனை ஜனவரிக்குள்ளும் நீளும். குளிர் உடுப்புகள் பெப்ரவரி நெருங்க நெருங்க இன்னும் இறங்கும். ஏற்கனவே குளிர் உடுப்பு வைத்திருப்பவர் அதற்காகக் காத்திருக்கலாம். நீங்கள் காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே வாங்குங்கள்.

நானும் 26ஆம் தேதி மகளோடு ஈட்டன் சென்டரில்தான் இருந்தேன். கென்னடி நிலையத்தில் சுரங்க ரயில் ஏறி, புளோர்-யங்கில் மாறி, குயினில் இறங்கினோம். அங்கே மேலே பார்த்தீர்களா? கண்ணாடிக் கூரையின் கீழ் 60 கனடா வாத்துகள் இறங்கி வருவதுபோலத் தொங்கும். மைக்கேல் ஸ்னோ என்ற கலைஞர் 1979இல் செய்தவை. ஒரு நத்தார் காலத்தில் அவற்றின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டார்கள். என் படைப்பு இப்படி இருக்கக் கூடாது என்று அவர் நீதிமன்றம் போனார், 1982இல் வென்றார், ரிப்பன்கள் அவிழ்க்கப்பட்டன. வருடாவருடம் அந்த இடத்தில் நின்று மகளுக்கு இதைச் சொல்வேன். அங்கிருந்து நிலத்தடி நடைபாதை வழியாக யூனியன் நிலையம்வரை நடந்தோம். 'பாத்' என்று அதற்குப் பெயர், 30 கிலோமீட்டர் நீளம், வெளியே எவ்வளவு குளிரடித்தாலும் உள்ளே ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். பிறகு நாதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் பனிச்சறுக்குபவர்களைப் பார்த்தோம். ஒரு சோடிக் கையுறைக்கும் இரண்டு கோப்பிக்கும்தான் செலவு. நகரத்தைப் பார்க்கப் போவது வேறு, வாங்கப் போவது வேறு. நீங்கள் அன்று செய்தது முதலாவது. அது வீண் நாள் இல்லை தம்பி.

இனி அந்த வெறும் தாள். அறைத் தோழர்கள் எழுதியதை உங்கள் கழுத்தில் ரிப்பனாகக் கட்டிக்கொள்ள வேண்டாம். வந்து மூன்று மாதம் ஆன ஒருவர் ஐந்து வருடத்துக்கு எழுதத் தேவையில்லை. ஏப்ரல் முடியும்வரை எழுதுங்கள் போதும்.

ஏப்ரல் 30க்குள் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். மூன்று மாதச் சம்பளம்தானே என்று விட்டுவிடாதீர்கள். குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு அரசு தரும் கொடுப்பனவுகள் அந்தக் கணக்கை வைத்தே வரும். வசந்த காலத்தில் தொண்டர்கள் இலவசமாகச் செய்து தரும் இடங்கள் உண்டு, நூலகத்தில் விசாரியுங்கள்.

சாரதி அனுமதிக்கான ஜி1 எழுத்துப் பரீட்சைக்குப் படியுங்கள். ஜி1 எடுத்தால் வீதிப் பரீட்சைக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட வகுப்புக்குப் போனால் 8 மாதம். ஊரில் வாகனம் ஓட்டிய அனுபவத்துக்கு மோட்டார் வாகனத் திணைக்களத்தின் கடிதம் இருந்தால் காத்திருக்கும் காலம் குறையும். அந்தக் கடிதத்துக்கு இப்போதே வீட்டாரிடம் சொல்லிவையுங்கள், அதுதான் தாமதமாகும்.

சேமிப்புக்கு டிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்குத் திறக்கலாம், வரும் வட்டிக்கு வரியில்லை. வருடத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. ஒரு எச்சரிக்கை. 2009இலிருந்து சேர்ந்த வரம்பு முழுவதும் உங்களுக்கும் இருக்கிறது என்று வேலையிடத்தில் யாராவது சொல்வார்கள். அது அப்போதே இங்கே இருந்தவர்களுக்கு. உங்களுக்கு வந்த வருடத்திலிருந்துதான் கணக்கு. மேலதிகமாகப் போட்டால் அந்த மேலதிகத் தொகைக்கு மாதம் ஒரு வீதம் தண்டம். மாதம் 50 டொலர் போட்டாலும் நல்ல தொடக்கம்தான்.

இன்னொன்று, இதைத்தான் நான் முதலாவதாக எழுதியிருக்க வேண்டும். இந்த நாட்களில் ஐந்து மணியளவிலேயே இருட்டிவிடும். வேலை முடிந்து பேஸ்மென்டுக்குள் இறங்கினால் நாட்கணக்கில் வெயிலே படாமல் இருக்கலாம். பெப்ரவரியில் நெஞ்சு காரணமில்லாமல் கனக்கும். எனக்கும் கனத்தது, யாரிடமும் சொல்லவில்லை. விடுமுறை நாளில் மதியம் அரை மணி நேரம் வெளியே நடப்பேன் என்று எழுதுங்கள். வாரத்தில் ஒரு நாள் நூலகத்தில் நடக்கும் ஆங்கில உரையாடல் வட்டத்துக்குப் போங்கள், காசில்லை, மனிதர்களோடு கதைக்கலாம். அம்மாவுக்கு எடுக்கும் அழைப்புக்கு ஒரு நேரம் வையுங்கள். நமக்கும் ஊருக்கும் இப்போது பத்தரை மணி நேர வித்தியாசம், இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே காலை ஆறரை. அம்மா தேநீர் போடும் நேரமாக இருக்கும்.

தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டில் அடுப்பங்கரையில்தான் பானை வைப்போம், வெளியே முடியாது. அன்று வாருங்கள். மகன் ஒரு குளிர்காலம் மட்டும் போட்ட பூட்ஸ் ஒரு சோடி அலமாரியில் இருக்கிறது, ஒன்பதாம் அளவு. உங்கள் காலுக்குச் சரிவருமா என்று இன்றே சொல்லுங்கள், பொங்கல்வரை காத்திருக்காமல் கொண்டுவந்து தருகிறேன்.