ஜெபக் குறிப்பில் வெளியான இரகசியம்

கேள்வி: எங்கள் சபையின் வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்தி வருகிறேன். ஒரு சகோதரி தன் கணவரின் குடிப்பழக்கத்தைப் பற்றி என்னிடம் தனியாகச் சொல்லி அழுதார். “நம் கூட்டத்துக்குப் புதிதாக வரும் ஒரு சகோதரியின் கணவர் குடியிலிருந்து விடுபட ஜெபியுங்கள்” என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், பெயரைப் போடவில்லை. அதன்பின் அவர் வருவதில்லை. ஜெபிக்கச் சொன்னது தவறா? இனி எதையுமே பேசாமல் இருந்துவிடவா?

பதில்: ஜெபிக்கச் சொன்னதில் தவறில்லை, அவரைக் கேட்காமல் சொன்னதுதான் தவறு. பெயரை மறைத்தீர்களே தவிர ஆளை மறைக்கவில்லை. பத்துப் பதினைந்து பேர் கூடும் ஒரு வீட்டில், புதிதாக வருபவர் யாரென்று தெரிந்துகொள்ள ஒருவருக்கும் பெயர் தேவைப்பட்டிருக்காது.

“புறங்கூறித்திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான், ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்” என்கிறது நீதிமொழிகள் 11:13. இந்த வசனம் பொய் சொல்பவனைப் பற்றியதன்று. உண்மையையே, ஆனால் தனக்குச் சொந்தமில்லாத உண்மையை, வெளியே விடுபவனைப் பற்றியது. கெட்ட எண்ணத்தோடு பேசும்போது மனச்சாட்சியாவது குத்தும். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பேசும்போது அதுவும் குத்துவதில்லை என்பதால், பக்தியுள்ளவர்களே இதில் எளிதாக விழுகிறோம். நாம் கேட்பதற்கு முன்னமே நம் தேவையைப் பிதா அறிந்திருக்கிறார் என்று மத்தேயு 6:8 சொல்லும்போது, விவரங்கள் ஜெபத்துக்குத் தேவையா, கேட்பவர்களுக்குத் தேவையா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். “ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக” என்பதே போதுமாயிருந்திருக்கும். அதையும் அவருடைய சம்மதத்தோடு போட்டிருக்கலாம்.

அதற்காக வாயையே மூடிக்கொள்வது தீர்வாகாது. மௌனத்துக்கும் இடமுண்டுதான்: வேதாகமத்தில், பெருந்துன்பத்தில் விழுந்த யோபுவைத் தேற்ற வந்த நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்றுகூட எனக்குத் தோன்றும். ஆனால் நீதிமொழிகள் 31:8 திக்கற்றவர்களின் நியாயத்துக்காக வாயைத் திறக்கச் சொல்கிறது. அந்த வீட்டில் அடி உதை இருந்தால் அவருடைய பாதுகாப்பே முதன்மையானது. பெண்கள் உதவி எண் 181-ஐ அவருக்குச் சொல்லி, அழைக்கத் துணையாக இருங்கள். குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளாவது தெரிந்தால் நிலைமை வேறு: 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், அங்கே இரகசியம் காப்பது குற்றம்.

இப்போது குழுவில் விளக்கம் எதுவும் போடாதீர்கள். அது மீண்டும் அவரைப் பற்றிய பேச்சாகவே முடியும். தனியாக அவர் வீட்டுக்குச் சென்று, “உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்” என்பதோடு நிறுத்துங்கள். “நல்லதுக்குத்தான் செய்தேன்” என்று சேர்க்க வேண்டாம். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் வற்புறுத்தாமல் எழுந்து வாருங்கள். சில நாள் கழித்து மறுபடியும் போய்ப் பாருங்கள்.