கதை சொல்பவர் எங்கே நிறுத்த வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேலை இசை எனக்குப் புதிது. ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன், பியானோ கலைஞர் கிளாரா வீக் இருவரின் காதலைப் பற்றிய ஒரு மேடை நிகழ்ச்சியின் பதிவைச் சென்ற வாரம் பார்த்தேன். ஒருவர் கதை சொல்லி, இருவரின் கடிதங்களையும் வாசிக்கிறார்; நடுநடுவே ஷூமனின் பாடல்களை ஒரு பாடகி பாடுகிறார். உருகித்தான் போனேன். ஆனாலும் ஓர் உறுத்தல். கிளாராவை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் பிறந்ததுதான் ‘கவிஞனின் காதல்’ என்ற பாடல் தொகுப்பு என்றார் கதைசொல்லி. ‘பெண்ணின் காதலும் வாழ்வும்’ தொகுப்பின் கடைசிப் பாட்டில் கணவன் இறந்துபோகிறான். தன் முடிவை ஷூமன் முன்கூட்டியே உணர்ந்து எழுதியது அது என்றார். அப்படித்தானா? ஜெர்மன் தெரியாத நான் இந்தப் பாடல்களை எப்படிக் கேட்பது?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் உறுத்தல் நியாயமானது. இந்தக் காதல் கதைக்கு மிகை தேவையே இல்லை. 1830இல் லைப்சிக் நகரில், பியானோ ஆசிரியர் ஃபிரீட்ரிக் வீக்கின் வீட்டில் தங்கிப் படிக்க வந்தார் 20 வயது ஷூமன். ஆசிரியரின் மகள் கிளாராவுக்கு அப்போது 11 வயது, அதற்குள் மேடையேறியிருந்தாள். அவள் வளர்ந்த பின் அரும்பிய காதலைத் தந்தை மூர்க்கமாக எதிர்த்தார். 1839இல் இருவரும் நீதிமன்றத்தை நாடினார்கள். ஷூமன் குடிகாரர் என்று வீக் சொன்னதை அவரால் நிரூபிக்க முடியவில்லை. அனுமதி கிடைத்து, 1840 செப்டம்பர் 12 அன்று, கிளாராவின் 21ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், திருமணம் நடந்தது.

அதுவரை பெரும்பாலும் பியானோவுக்கே எழுதியவர் ஷூமன். வாய்ப்பாட்டை வாத்திய இசைக்கு ஒரு படி கீழாகவே வைத்திருந்தார். அவரிடமிருந்து அந்த 1840இல் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் பொங்கி வந்தன. அந்தப் பாடல்களுக்கும் கிளாராவுக்கும் தொடர்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு பாட்டையும் ஒரு சம்பவத்தோடு முடிச்சுப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

‘கவிஞனின் காதல்’ அந்த ஆண்டு மே மாதம் எழுதப்பட்டது. கவிதைகள் ஹைன்ரிக் ஹைனேயுடையவை, 1820களில் வெளிவந்தவை. காதலி வேறொருவனை மணந்துகொள்கிறாள். காதலன் கசந்துபோய், தன் காதலையும் வேதனையையும் ஒரு பெரிய சவப்பெட்டியில் அடைத்துக் கடலில் போடச் சொல்கிறான். ஷூமனின் நிலைமை இதற்கு நேர் எதிர். அவர் காதலித்த பெண் அவருக்காகத் தந்தையோடு வழக்காடிக்கொண்டிருந்தாள். ஹைனேயின் கசப்பை ஷூமனின் பயம் என்று சொல்லும்போது இரண்டு பேருமே சிறுத்துப்போகிறார்கள்.

முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சொற்களில் துயரமே கிடையாது: மே மாதத்தில் மொட்டுகள் விரிந்தன, என் நெஞ்சில் காதல் அரும்பியது, அவளிடம் என் ஏக்கத்தைச் சொன்னேன். பியானோ இந்த மகிழ்ச்சியை நம்ப மறுக்கிறது. தயங்கித் தயங்கித் தொடங்குகிறது. பாடகர் முடித்த பிறகும் அதே தயக்கத்தோடு சுற்றிவந்து, ஆதார சுரத்தில் வந்து அமராமலே நின்றுவிடுகிறது. இந்தக் காதல் கைகூடாது என்று கவிதை சொல்வதற்கு வெகு முன்னாலேயே நம் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. கதைசொல்லி இடையில் புகுந்தால் கெட்டுப்போவது இந்த இடம்தான். நீங்கள் பார்த்த நிகழ்ச்சியில் எப்படியோ. இத்தகைய மேடைகளில், பாடகி வாய் மூடியதுமே, பியானோ இன்னும் ஓய்ந்திராதபோதே, அடுத்த கடிதத்தை வாசிக்கத் தொடங்கிவிடுவதுண்டு. எனக்குக் கோபமே வரும். கச்சேரிப் பழக்கத்தில் நாம் பியானோவைப் பக்கவாத்தியம் என்று எண்ணிக்கொள்கிறோம். ஷூமனிடம் பாதிக் கதையைச் சொல்வதே பியானோதான்.

இதற்கு அவர் கையாலேயே எழுதிய சாட்சி, நீங்கள் கேட்ட இரண்டாவது தொகுப்பில் இருக்கிறது. ‘பெண்ணின் காதலும் வாழ்வும்’ ஷமிஸ்ஸோ எழுதிய ஒன்பது கவிதைகள். கணவனின் மரணம் கவிஞர் வைத்தது. ஷூமன் வருங்காலத்தைக் கண்டு எழுதியதாகச் சொல்ல அதில் இடமில்லை. ரைன் நதியில் குதித்துக் காப்பாற்றப்பட்டு, எண்டனிக் மனநல விடுதியில் அவர் 1856இல் இறந்தது 16 ஆண்டுகள் கழித்து. ஒன்பதாவது கவிதையில் அந்தப் பெண் முதியவளாகி, பேத்தியிடம் தன் வாழ்வை நினைவுகூர்ந்து பேசுகிறாள். ஷூமன் அந்தக் கவிதைக்கு இசையமைக்காமலே விட்டுவிட்டார். எட்டாவது பாட்டில் குரல் தாழ்ந்து, தனக்குள் ஒடுங்கி நின்றுபோகிறது. பிறகு, அவனை முதன்முதலில் கண்ட நாளைச் சொன்ன முதல் பாட்டின் இசையைப் பியானோ தனியாக வாசிக்கிறது. பாடகி பேசாமல் நிற்கிறாள். பாட்டி சொல்ல வேண்டிய அத்தனையையும் சொல்லில்லாத அந்த இசையிடம் ஒப்படைத்துவிட்டார் மனிதர்.

ஜெர்மன் தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். பாட்டின் பொருளை முன்னதாக ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள். பிறகு தாளை மூடிவிட்டு, பியானோவின் கடைசி ஒலி அடங்கும்வரை கேளுங்கள். ‘சமர்ப்பணம்’ என்ற பாட்டிலிருந்து தொடங்கலாம். மணப்பரிசாகக் கிளாராவுக்கு அவர் தந்த 26 பாடல்களில் முதலாவது. “நீ என் உயிர், நீ என் இதயம்” என்று தொடங்கும் அந்தப் பாட்டைக் குரல் பாடி முடித்த பின், கன்னி மரியாளை வேண்டும் ஷூபர்ட்டின் ‘ஆவே மரியா’ பாட்டு மெட்டின் ஒரு துண்டு பியானோவில் வந்துபோகும். காதலியை வணங்குகிறார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் ஷூமனின் பாடல்கள் மட்டுமே பேசப்படுகின்றன. கிளாராவும் இசை எழுதியவர். ரூக்கர்ட்டின் ‘காதல் வசந்தம்’ கவிதைகளுக்கு இருவரும் சேர்ந்து 12 பாடல்கள் அமைத்து, 1841இல் எது யாருடையது என்று குறிக்காமலே வெளியிட்டார்கள். மூன்று கிளாராவுடையவை. ‘புயலிலும் மழையிலும் அவன் வந்தான்’ என்ற பாட்டில் பியானோ கொந்தளிக்கும் வேகத்தைக் கேட்டுப் பாருங்கள். இவர்கள் காதலைப் பற்றிய மேடையில் கிளாரா எழுதிய பாட்டே இல்லையென்றால், அது பெரிய குறை. அந்தக் குழுவினருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதிவின் விவரத்தை அனுப்பினால் நானும் எழுதுகிறேன்.