ஃபைனல் ஃபேண்டஸி போன்ற ஜப்பானிய ஆர்பிஜி கேம்கள் (ஒரு கதாபாத்திரமாகக் கதைக்குள் விளையாடுபவை) பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் என்று எல்லாக் கொன்சோலுக்கும் ஒரே நாளில் ஏன் வருவதில்லை?

பெரும்பாலும் தனியுரிமை ஒப்பந்தம்தான் காரணம்: ஒரு கேமைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரே கொன்சோலில் மட்டும் விற்கச் சம்மதிப்பது. ஃபைனல் ஃபேண்டஸி 16, பிளேஸ்டேஷன் 5க்கு 2023 ஜூனில் வந்தது. கணினிக்கு 2024 செப்டம்பரில், எக்ஸ்பொக்ஸுக்கு 2025 ஜூனில்தான்.

பெரிய ஆர்பிஜி செய்யப் பல வருடமும் பெருஞ்செலவும் பிடிக்கும். கொன்சோல் நிறுவனம் பணமோ விளம்பரமோ தொழில்நுட்ப உதவியோ தந்தால் நட்டப் பயம் குறையும். திருகோணமலையில் வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் தந்த முதலாளிக்கே படகின் மீன் முதலில் போகும் அல்லவா, அப்படித்தான்.

ரசிகர்களின் கோபம் நியாயமானது. முந்தைய பாகங்களோடு வளர்ந்தவரை, அடுத்ததற்காக இன்னொரு கொன்சோல் வாங்கச் சொல்வது, அதுவும் இலங்கை விலையில், பெரிய சுமை.

அப்புறம், கேமையே பிளேஸ்டேஷன் நிறுவனமான சோனி வாங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, உரிமை கேமைச் செய்த ஸ்குவேர் எனிக்ஸிடமே இருக்கிறது, அதனால்தான் எக்ஸ்பொக்ஸுக்கும் வர முடிந்தது.