சம்பளமில்லாத வேலைக்கு ஓம் சொல்லாதேயும், தங்கச்சி

உம்முடைய கடிதத்தில் நாலைந்து கேள்விகள் இருந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் முடித்துவிட்டு, அருங்காட்சியகப் பொருட்களைப் பாதுகாக்கிற படிப்பில் முதுமாணி செய்ய செப்டெம்பரில் இங்கிலாந்து வருகிறீர். உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்த எனக்கு இரசாயனம் ஏறுமா, அறை வாடகை எப்படி, குளிருக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்றெல்லாம் கேட்டிருந்தீர். கடைசியில், ஒரு தனியார் பட்டறை வாரத்தில் மூன்று நாள் சம்பளமில்லாமல் வந்து பழகச் சொல்கிறது, போகலாமா அக்கா என்று ஒரு வரி. அதைப் படித்த பிறகு மற்றக் கேள்விகள் எனக்குக் கண்ணில் படவில்லை.

போக வேண்டாம்.

முதலில் சட்டம். பட்டப்படிப்புக்கு வரும் மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். சம்பளமில்லாத வேலையும் அந்த 20க்குள் அடங்கும். மூன்று முழு நாள் போனாலே எல்லை தாண்டிவிடும். பட்டறைக்காரர் ‘இது வேலை இல்லை, பழக்கம்’ என்று சொல்லலாம். விசா பறிபோனால் விமானம் ஏறப்போவது அவர்கள் இல்லை, நீர்தான். படிப்பின் ஒரு பகுதியாகப் பல்கலைக்கழகமே ஒழுங்கு செய்யும் பயிற்சி வேறு கதை. அதற்குத் தாராளமாகப் போம். ஐகொன் என்று இங்குள்ள பாதுகாப்பாளர் நிறுவனம் 2005இல் உருவானது. ஊதியத்தோடு கூடிய பயிற்சி இடங்கள் அவர்களுடைய தளத்தில் வரும், அதைப் பார்த்துக்கொண்டிரும்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. நான் 1995 இடப்பெயர்வில் தென்மராட்சிக்கு நடந்த சனத்தில் ஒருத்தி. பிறகு லண்டன் வந்து, ஈஸ்ற் ஹாமில் ஒரு கடைக்கு மேலே நெருக்கியடித்த அறையில் இருந்து, இரவில் பெற்றோல் நிலையத்தில் காசாளராக நின்றேன். பகலில் ஒரு பட்டறையில் சம்பளமில்லாமல் பழகினேன். அங்கே தூசி உறிஞ்சும் குழாய் உடைந்து கிடந்தது, அசற்றோன் கரைப்பான் போத்தல்கள் திறந்தபடி இருந்தன. கையுறை கேட்டால், அடுத்த கிழமை வரும் என்பார்கள். முடிவில் ஒரு சான்றுக் கடிதம் தருவதாகச் சொன்னார்கள். அந்தக் கடிதம் வரவே இல்லை. என்னோடு பழகிய வெள்ளைக்காரப் பிள்ளைக்குத் தகப்பன் வாடகை கட்டினார். அவளால் இன்னுமொரு வருடம் சம்பளமில்லாமல் இருக்க முடிந்தது, அந்த வருடம்தான் அவளுக்கு வேலை எடுத்துக் கொடுத்தது. இந்தத் தொழிலில் எங்களைப் போன்றவர்கள் குறைவாக இருப்பதற்குத் திறமை காரணம் இல்லை. இலவசமாக உழைக்க யாருக்கு வசதி இருக்கிறது என்பதுதான் காரணம். இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லுவேன்.

கையுறை என்றதும் ஞாபகம் வருகிறது. உம்முடைய நுரையீரலை யாருக்கும் கடன் கொடுக்காதேயும். பழைய சேகரிப்புகளில் இறகு, தோல், மரம் என்று பூச்சி அரிக்கிற எதற்கும் அந்தக் காலத்தில் ஆர்சனிக்கும் டி.டி.ரி. (DDT) பூச்சிமருந்தும் அடித்திருப்பார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. வெண்கலத்துக்குப் பூசும் பென்சோரையசோலும் உடம்புக்கு நல்லதில்லை. நைட்றைல் கையுறையும் காற்றை இழுக்கும் வசதியும் இல்லாத மேசையில் உட்காராதேயும். உட்காராவிட்டால் கோபிப்பார்களோ என்று எங்கட பிள்ளைகள் யோசிப்பார்கள். கோபிக்கட்டும்.

இனி எங்கட சனத்தைப் பற்றி. நீர் வந்து இறங்கியதும் ஒரு மாமா, ஒரு அண்ணை, ஒரு கோயில் தலைவர் என்று வருவார்கள். முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதாக இருக்கும். கணக்காளர் படிப்புக்கு மாறச் சொல்வார்கள், ‘சாமான் துடைக்கிற வேலைக்கோ இவ்வளவு படிப்பு’ என்பார்கள். சம்பள விஷயத்தில் அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆரம்பச் சம்பளம் குறைவு, பல இடங்கள் ஒரு வருட ஒப்பந்தம், படித்து முடித்தபின் வேலை விசாவுக்குக் கேட்கிற சம்பள வரம்பைப் பல அருங்காட்சியக வேலைகள் எட்டுவதில்லை. இதை முகவர் யாரும் சொல்ல மாட்டார். அரசாங்கத் தளத்தில் நீரே பார்த்து, வீட்டாருக்கும் சொல்லிவிட்டு வாரும். ஆனால் துடைக்கிற வேலை என்பவருக்கு நான் பதில் சொல்லாமல் விடுவதில்லை. ஒரு பொருளில் எதைத் தொடக்கூடாது என்று தீர்மானித்து, ஏன் தொடவில்லை என்றும் எழுதிவைப்பது எங்கள் வேலையில் பாதி.

அந்த மாமாக்களில் ஒருவர் ஒருநாள் துணியில் சுற்றி ஒரு வெண்கல விக்கிரகம் கொண்டுவருவார். ‘ஊரிலிருந்து வந்தது பிள்ளை, கொஞ்சம் மினுக்கி, என்ன விலை போகும் என்று சொல்லு’ என்பார். தொடாதேயும், விலை சொல்லாதேயும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் இலங்கையிலிருந்து தொல்பொருளை வெளியே கொண்டுபோக முடியாது. எங்கட ஊர்க் கோயில்கள் வெறுமையாகக் கிடந்த வருடங்களில் எவ்வளவு போனது என்று யாரிடம் கணக்கு இருக்கிறது? பத்திரம் இல்லாத விக்கிரகத்தைத் துடைத்துக் கொடுத்தால் அந்தத் திருட்டுக்கு நீரும் கை கொடுத்ததாகிவிடும். உறவு முறிந்தாலும் பரவாயில்லை. எனக்கு இரண்டு வீடுகளோடு பேச்சு இல்லை, அதில் வருத்தமும் இல்லை.

மினுக்குவதைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நீர் சுவாமிப் பாத்திரம் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கி வளர்ந்த பிள்ளை. தினமும் எரிகிற குத்துவிளக்குக்கு அது சரி, அதைப் பாவிக்கிறவர்கள் மினுக்கட்டும். மண்ணுக்குள் கிடந்த, அல்லது நூற்றாண்டுகள் கண்ட வெண்கலத்துக்கு அது கூடாது. புளியின் அமிலம் மேற்பரப்பைக் கரைத்துக்கொண்டு போகும். கண், மூக்கு, நகையின் கோடு எல்லாம் மழுங்கும். அதைவிட மோசமானது உப்பு. கடற்காற்றிலிருந்தோ மண்ணிலிருந்தோ குளோரைட்டு உள்ளே போய் இருந்தால், ஈரமும் ஒட்சிசனும் பட்டதும் வெளிர்பச்சைப் பொடி கிளம்பும். கூடவே அமிலம் உண்டாகி மேலும் செம்பைத் தின்னும், அதிலிருந்து இன்னும் பொடி. வெண்கல நோய் என்று இதைத்தான் சொல்கிறோம். காற்றின் ஈரப்பதன் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அநேகமாக அடங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் அது பெரும்பாலும் 70க்கு மேல். ஒரு விக்கிரகத்தை மினுக்கிவிட்டு அப்படியே திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாரும். காற்றுப் புகாத பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும், பெரிய செலவு இல்லை.

இதனால்தான் லண்டனில் படிப்பதை அப்படியே ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகாதேயும் என்கிறேன். இங்கே எல்லாவற்றுக்கும் பரலொயிட் பி-72 என்ற பசைதான். நல்ல பசை, அசற்றோனில் கரைத்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். ஆனால் அது 40 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும். பங்குனி சித்திரை வெயில் விழுகிற கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டிய பானை என்ன பாடுபடும்? நல்லூர் நாவலர் வீதித் தொல்பொருட்காட்சியகத்துக்குப் போனபோது எனக்கு இதுதான் யோசனை. நான் சுன்னாகம். கந்தரோடைக்குச் சைக்கிளில் போய் அந்தச் சிறு தூபிகளைப் பார்த்து வளர்ந்தவள். அங்கே கிடைத்த பொருட்களைத் தூசியும் உப்புக்காற்றும் தின்பதைப் பார்க்க வயிறு எரிந்தது. பி-44 என்று 60 பாகை வரை தாங்குவது ஒன்று இருக்கிறது. உம்முடைய ஆய்வுக்கு இப்படி ஒன்றை எடும், ஐரோப்பியத் தளபாடத்தை அல்ல.

ஆனால் இங்கே லண்டனில் இன்னொரு தொல்லை உண்டு. ‘இந்துப் பொருட்கள்’ என்று வருகிற எல்லாவற்றையும் உம்மிடம் தள்ளப் பார்ப்பார்கள். வங்காளத்து மரப்பொருளும் நேபாளத்துப் பித்தளையும் உமக்கு எப்படித் தெரியும்? நான் முதல் வருடமே கிரேக்க மட்பாண்டமும் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். உப்பு ஊறிய சட்டிகளைத் தூய நீரில் ஊறவிட்டு, நீரில் குளோரைட்டு இறங்குகிறதா என்று சில்வர் நைத்திரேற்று விட்டுப் பார்க்கிற வேலை. அதில் கை பழகிய பிறகுதான் என்னை ஒரு பாதுகாப்பாளராகப் பார்த்தார்கள். அதேநேரம் எங்கட பக்கத்துக்கும் இந்தத் தொழிலில் இடம் உண்டு என்பதை மறக்காதேயும். 1930களிலேயே சென்னை அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் வெண்கலங்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். இங்கே வகுப்பில் அவர் பெயர் வராது. நீர் எழுப்பும்.

வந்ததும் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் தாரா என்ற பௌத்தப் பெண்தெய்வத்தின் சிலையைப் போய்ப் பாரும். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்து, 1830இல் இலங்கையின் முன்னாள் ஆங்கிலேய ஆளுநர் பிரவுன்றிக் கொடுத்தது. பொன் பூசிய வெண்கலம், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெற்றோல் நிலையத்து இரவு வேலை முடிந்து நித்திரை இல்லாமல் அவள் முன்னால் போய் நிற்பேன். உள்ளே போகக் காசு கட்டத் தேவையில்லை, உள்ளே சூடு, ஒருவரும் எழுப்ப மாட்டார்கள். பொன் எங்கே தேய்ந்திருக்கிறது, வார்த்தபின் எங்கே செதுக்கியிருக்கிறார்கள் என்று மணிக்கணக்காகப் பார்த்துத்தான் வெண்கலம் பார்க்கப் பழகினேன். ஒரு பட்டறையும் அதைச் சொல்லித்தரவில்லை.

சரி, மிச்சக் கேள்விகள். இரசாயனம் ஏறும், உயர்தரப் புத்தகத்தில் அமிலம், உப்பு, ஒட்சியேற்றம் மூன்றையும் செப்டெம்பருக்கு முன் படித்துவிடும். குளிர் உடுப்பை இங்கே வாங்கும், அங்கே வாங்குவது காசுக்கு நட்டம். அறையை நேரில் பார்க்காமல் முற்பணம் அனுப்பாதேயும், ஊர்க்காரர் வீடாக இருந்தாலும். அந்தப் பட்டறைக்கு இன்றைக்கே மறுத்து எழுதும், எழுதியதை எனக்கும் ஒரு பிரதி அனுப்பும்.