சிப் இருக்கிறது, பெயர் யாருடையது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்:

"போன தீபாவளி இரவு வெடிச் சத்தத்துக்குப் பயந்து எங்கள் ஜாக் ரஸ்ஸல் நாய் ராக்கி கேட்டுக்கு அடியில் நுழைந்து ஓடிவிட்டான். மூன்று மாதம் கழித்து ஃபீனிக்ஸில் ஒரு வீட்டு வாசலில் அவனைப் பார்த்தேன். கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். அந்த வீட்டுக்காரரோ 1,800 ராண்ட் கொடுத்து வாங்கினேன் என்று சொல்லி ஒரு ஊசி அட்டையைக் காட்டுகிறார். ராக்கிக்கு மைக்ரோசிப் உண்டு, குட்டியாக வாங்கும்போதே போட்டிருந்தது. ஆனால் பதிவகத்தில் கேட்டால் அந்த எண் எங்கள் பெயரில் இல்லையாம். போலீஸ் ஸ்டேஷனில் 'தொலைந்த பொருள்' என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். என் மகன்கள் போய்த் தூக்கிக்கொண்டு வரலாம் என்கிறார்கள். வரலாமா? அடுத்த குட்டிக்குச் சிப்பைவிடப் பச்சை குத்துவது நல்லதா?"

மகன்கள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போகக் கூடாது. உங்கள் பொருளாகவே இருந்தாலும், இன்னொருவர் கையில் இருப்பதை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பிடுங்கி வந்தால் இந்த நாட்டுச் சட்டம் உங்களைத்தான் முதலில் கேட்கும். அவர் கோர்ட்டுக்குப் போனால், "முதலில் நாயைத் திருப்பிக் கொடு, யாருடையது என்பதை அப்புறம் பேசலாம்" என்றுதான் உத்தரவு வரும். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கும்போது நீங்களே போய்க் குற்றவாளிக் கூண்டில் ஏறுவானேன்?

"காசு கொடுத்து வாங்கினேன்" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதனால் நாய் அவருடையது ஆகிவிடாது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் திருட்டுப் பொருள் பத்துக் கை மாறினாலும் சொந்தக்காரர் மாறுவதில்லை. ஓடிவந்த நாயைப் பிடித்து, சொந்தக்காரரைத் தேடாமல் விற்றவன் செய்ததும் திருட்டுதான். விற்பவருடையதுதான் என்று நம்ப நியாயமான காரணம் இல்லாமல் திருட்டுப் பொருளை வாங்குவதுகூடக் குற்றம் என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லி அவரை மிரட்டச் சொல்லவில்லை. அவரும் ஏமாந்தவராக இருக்கலாம், விற்றவன் யார் என்பதற்கு உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சியும் அவர்தான். மரியாதையாகப் பேசுங்கள். ஆக, மிச்சம் இருப்பது ஒரே கேள்விதான்: ராக்கி உங்களுடையவன் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது?

இங்கேதான் சிப் வருகிறது. என் கால்நடை கிளினிக்குக்கு வருபவர்களில் பாதிப்பேர் அதைத் தாயத்து மாதிரி நினைக்கிறார்கள், போட்டுவிட்டால் காப்பாற்றும் என்று. அது ஒரு அரிசி மணி அளவுக் கண்ணாடிக் குப்பி. உள்ளே பேட்டரி கிடையாது. ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால் அதிலிருந்து வரும் அலையில் விழித்துக்கொண்டு 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நாயின் பெயரோ உங்கள் வீட்டு முகவரியோ போன் நம்பரோ அதில் இல்லை. நாய் எங்கே இருக்கிறது என்றும் அது சொல்லாது. "சாட்டிலைட் சிப், போனிலேயே நாயைப் பார்க்கலாம்" என்று சந்தையில் ஒருவர் விற்றால், அவர் விற்பது உங்கள் தலையில் மிளகாய் அரைக்க அம்மி. தோலுக்கு அடியில் வைக்கிற எந்தச் சிப்பும் ஜி.பி.எஸ். இல்லை. அது வேண்டுமென்றால் கழுத்துப் பட்டையில் மாட்டும் தனிக் கருவி வேண்டும், அதற்குச் சார்ஜும் போட வேண்டும். திருடன் முதலில் கழற்றி எறிவதும் அதைத்தான்.

அந்த எண்ணுக்கு எதிரே ஒரு பதிவகத்தில் உங்கள் பெயர் எழுதப்பட்டிருந்தால்தான் சிப்புக்கு மதிப்பு. உங்கள் வீட்டில் நடந்தது மிகச் சாதாரணமாக நடப்பது. குட்டியை விற்ற பிரீடர் தன் பெயரில் சிப் போட்டார். ஊசிப் புத்தகத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். நீங்கள் "சிப் போட்டாச்சு" என்று நிம்மதியாக இருந்துவிட்டீர்கள். பெயர் மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சில பிரீடர்கள் மறதியால் சொல்லாமல் விடுகிறார்கள். சிலர் வேண்டுமென்றே விடுகிறார்கள், நாளைக்குத் தகராறு வந்தால் நாய் காகிதத்தில் தங்களுடையதாகவே இருக்கட்டும் என்று. "வாழ்நாள் பதிவு" என்று தனியாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு எங்கேயும் பதியாத தரகர்களையும் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்தவரிடம் இருப்பது பளபளப்பான ஒரு அட்டை மட்டும். பதிவு நடந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, நீங்களே பதிவகத்தைக் கூப்பிட்டு எண்ணைச் சொல்லிக் கேட்பது.

எந்தப் பதிவகத்தை என்று கேட்டால், என் பொறுமை தீர்ந்துபோகிற இடம் அதுதான். ஐடென்டிபெட், பேக்ஹோம் என்று இங்கே ஒன்றுக்கு மேற்பட்ட பதிவகங்கள். எல்லா நாய்க்கும் சேர்த்து அரசாங்கம் வைத்திருக்கும் ஒரே ஏடு கிடையாது. எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் 900-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் அது தயாரித்தவரின் குறி. சிப்பைத் தயாரித்தது யார், எங்கே தேடலாம் என்பதற்கு அது ஒரு துப்பு. ஓரிடத்தில் "இல்லை" என்றால் அடுத்த இடத்தில் கேளுங்கள். பதிந்தவர் யார் என்று உங்களிடம் சொல்ல மாட்டார்கள், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. போலீஸ் கேட்டால் சொல்வார்கள்.

போலீஸ் கேட்க வேண்டுமென்றால் முதலில் கேஸ் இருக்க வேண்டுமே! மறுபடி ஸ்டேஷனுக்குப் போய், "தொலைந்தது இல்லை, திருட்டு. என் நாய் இப்போது இந்த முகவரியில் இருக்கிறது" என்று சொல்லி அஃபிடவிட் எழுதிக் கொடுத்து, கேஸ் நம்பர் வாங்காமல் வெளியே வராதீர்கள். அஃபிடவிட்டுக்குக் கட்டணம் கிடையாது. "நாய்தானே" என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இந்த நாட்டில் மாடு, ஆடு, பன்றிக்கு அடையாளக் குறி போட வேண்டும் என்று 2002-இல் சட்டம் போட்டார்கள். கால்நடைத் திருட்டுக்கு 1959-இலிருந்தே தனிச் சட்டம், தனிப் போலீஸ் பிரிவுகூட உண்டு. அந்தச் சட்டத்தில் கோழிக்குக்கூட இடம் இருக்கிறது, நாய்க்கு இல்லை. கோழி திருடியவனுக்கு ஒரு சட்டம், உங்கள் பிள்ளை மாதிரி வளர்ந்த ராக்கியைத் திருடியவனுக்குப் பொதுவான திருட்டுக் குற்றம். போகட்டும், அந்தப் பொதுவான குற்றமே போதும், எழுதிக்கொண்டால்!

அடுத்து காகிதங்கள். பிரீடரிடம் இந்த எண்ணுள்ள குட்டியை உங்களுக்கு விற்றேன் என்று ஒரு கடிதமும், பதிவகத்தில் பெயர் மாற்றச் சம்மதமும் வாங்குங்கள். அவர் கிடைக்காவிட்டால் பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, அந்த நாளைய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் உதவும். உங்கள் டாக்டரின் பதிவேட்டில் ராக்கியின் சிப் எண் எழுதியிருந்தால் அதன் நகல் தங்கம். வெறிநாய்த் தடுப்பூசி இங்கே சட்டப்படி கட்டாயம், நம் குவாசூலு-நட்டாலில் அந்த நோய் ஒழிந்தபாடில்லை. அதனால் ஊசிப் பதிவு எப்படியும் உங்களிடம் இருக்கும். சிப் எண்ணும் ஊசித் தேதியும் ஒரே தாளில் இருந்தால் அதை மீறி யாரும் அதிகம் பேச முடியாது.

அவர் காட்டுகிற அட்டையை எடுத்துக்கொள்வோம். வெற்று ஊசி அட்டைகள் சுலபமாகக் கிடைக்கும், நாய்த் தரகர்கள் கட்டுக்கட்டாக வைத்திருப்பார்கள். உண்மையான அட்டையில் மருந்துப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டிய சிட்டை இருக்கும், அதில் தொகுதி எண் இருக்கும், டாக்டரின் கையெழுத்தும் கிளினிக் முத்திரையும் இருக்கும். பேனாவில் "ரேபிஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது அட்டை இல்லை, அட்டை மாதிரி ஒன்று. முத்திரை இருந்தால் போட்டோ எடுத்து வந்து அந்தக் கிளினிக்கைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்போது ஸ்கேன். அந்த வீட்டுக்காரரிடமே சொல்லுங்கள்: "உங்களுக்கும் சந்தேகம் தீரட்டும், இருவருமாக எஸ்.பி.சி.ஏ. விலங்கு நலச் சங்கத்துக்கோ பக்கத்து டாக்டரிடமோ கொண்டுபோய் ஸ்கேன் செய்து பார்ப்போம்." ஏமாந்தவர் சம்மதிப்பார். சம்மதிக்காதவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் போலீஸோடு போங்கள்.

ஸ்கேன் பற்றி ஒன்று. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் தவறு செய்தவன் நானே. சில வருடங்களுக்கு முன் தெருவில் கிடைத்த ஒரு கிழட்டு லாப்ரடாரை ஒருவர் கொண்டுவந்தார். சிப் போடும் இடம் இரு தோள்பட்டைகளுக்கு நடுவே. அங்கே ஸ்கேனரை இரண்டு முறை ஓட்டினேன், சத்தமில்லை. "சிப் இல்லை" என்று எழுதிவிட்டேன். மறுநாள் அதைக் குளிப்பாட்டிய எங்கள் நர்ஸ் அம்மா என்னவோ தோன்றி உடம்பெல்லாம் ஸ்கேனரை ஓட்டியிருக்கிறார். இடது முன்னங்கால் முழங்கையருகே "பீப்". சிப் தோலுக்கு அடியில் மெல்ல நழுவி அவ்வளவு தூரம் இறங்கியிருந்தது. அவர் ஒரு நாள் தாமதித்திருந்தால் அந்த நாயை யாருக்காவது கொடுத்திருப்பார்கள், என் கையெழுத்தை நம்பி! எல்லா நாய்க்கும் இப்படி நடக்காது, நடப்பது அபூர்வம்தான். ஆனாலும் உங்கள் ராக்கியை ஸ்கேன் செய்யும்போது "இங்கே இல்லை" என்று முதல் முயற்சியிலேயே முடித்துவிட விடாதீர்கள். கழுத்திலுள்ள இரும்புப் பட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்கேனரை உடம்பை ஒட்டினாற்போல, மெதுவாக, பாம்பு ஊர்கிற மாதிரி வளைத்து வளைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள்: முதுகு, இரண்டு விலா, நெஞ்சு, முன்னங்கால்கள் முழங்கை வரை. அப்புறமும் வரவில்லை என்றால் வேறு ஸ்கேனரில் ஒருமுறை. பழைய சிப்கள் சிலவற்றை எல்லா ஸ்கேனரும் படிக்காது. அதுவும் இல்லையென்றால் எக்ஸ்ரேயில் அரிசி மணி பளிச்சென்று தெரியும். டாக்டர் அவசரப்பட்டால், "ஐயா, இன்னொரு தரம்" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நானே கேட்கச் சொல்கிறேன்.

எண் உங்கள் தாளோடு பொருந்தியும் அவர் கொடுக்க மறுத்தால், வக்கீலுக்குப் பணம் கொட்ட வேண்டாம். ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் இருக்கிறது. அங்கே வக்கீலே வாதாட முடியாது, நீங்களே பேசலாம். 20,000 ராண்ட் மதிப்புக்குள் உள்ள பொருளைத் திருப்பித் தரச் சொல்லியும் அங்கே கேட்கலாம். அதற்கு முன் 14 நாள் தவணை கொடுத்து ஒரு கடிதம் அனுப்ப வேண்டும், அனுப்பியதற்குச் சான்றும் வைத்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் உங்களை ஒருவர் கூப்பிடுவார். இத்தனை நாளில் கூப்பிட்டிருந்தால் ஆச்சரியமில்லை. "உங்கள் நாய் என்னிடம் இருக்கிறது, தீனிச் செலவுக்கு 500 ராண்ட் ஈ-வாலட்டில் போடுங்கள், கொண்டுவருகிறேன்." ஒரு சென்ட் கூட அனுப்பாதீர்கள். காணவில்லை அறிவிப்பில் போட்ட போட்டோவும் அடையாளமும் அவரிடமும் இருக்கும். அதனால்தான் அறிவிப்பு போடும்போது ஒரு அடையாளத்தை மறைத்துவைக்கச் சொல்வேன், வயிற்றில் ஒரு மச்சமோ உடைந்த பல்லோ. சிப் எண்ணை எங்கேயும் போடக் கூடாது. நாய் இருக்கிறது என்பவரிடம் அந்த மறைத்த அடையாளத்தைக் கேளுங்கள். போன் கட் ஆகிவிடும்.

பச்சை குத்துவது பற்றிக் கேட்டீர்கள். ஸ்கேனர் இல்லாமல் கண்ணாலேயே பார்க்கலாம் என்பது அதன் ஒரே சௌகரியம். வருடங்கள் போக மை மங்கும், முடி மூடும், காதில் இருந்தால் காதையே அறுத்த கொடியவர்களும் உண்டு. சிப்பே போதும். அடுத்த குட்டிக்கு வீட்டுக்கு வந்த வாரமே உங்கள் பெயரில், இரண்டு போன் நம்பரோடு பதியுங்கள். சிம் மாற்றினால் அங்கேயும் மாற்றுங்கள். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் மட்டும் பொறியுங்கள், நாயின் பெயரைப் பொறித்துத் திருடனுக்குச் சிநேகிதம் பிடித்துக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் ஊசிக்குப் போகும்போது சிப் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தீபாவளிக்கு முன்னாலேயே செய்துவிட்டால் நல்லது. தீபாவளி, வெடி வெடிக்கும் நவம்பர் 5 (கை ஃபாக்ஸ் நாள்), புத்தாண்டு, இவை ஒவ்வொன்றுக்கும் மறுநாள் காலை எங்கள் வாசலில் நிற்கும் நாய்க் கூட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

இன்று மாலையே பிரீடருக்கு எழுதுங்கள். போனில் பேசாமல் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், சிப் எண்ணையும் குட்டியை வாங்கிய தேதியையும் குறிப்பிட்டு. "ஆமாம், உங்களுக்குத்தான் கொடுத்தேன்" என்று ஒரு வரி பதில் வந்தால், அதை அச்சடித்து அஃபிடவிட்டோடு சேர்த்துவிடுங்கள்.